சேர்ந்து வாசிக்கும் வித்தை

(புதுச்சேரியில் இசை மாணவர்களும் ஆசிரியர்களும் கூடிய அவையில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவு. அச்சுக்காகச் சுருக்கித் திருத்தப்பட்டது.)



இசைக் கல்வியைப் பற்றிப் பேச வேண்டும் என்று அழைத்தீர்கள். பொருள் பெரிது, நேரம் ஒரு மணி. ஆகவே அதில் ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மூன்று பேரோ நான்கு பேரோ, கோல் பிடித்து நடத்த ஒருவர் இல்லாமல், ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டே ஓர் இசையை உண்டாக்குகிறார்கள். மேற்கில் இதைச் சேம்பர் மியூசிக் என்கிறார்கள். நம் கச்சேரியும் அந்த இனம்தான். இந்தக் கலையைப் பல்கலைக்கழகத்தில் எப்படிக் கற்பது என்பதே என் கேள்வி.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சேர்ந்து வாசிப்பது தனியே கற்க வேண்டிய ஒரு வித்தை. அதற்கு ஒரே கூட்டாளிகளோடு நீண்ட நாள் உட்கார வேண்டும். அந்த நாட்களை இளைஞர்களுக்குத் தரக்கூடிய இடம் இன்று பல்கலைக்கழகம்தான். எனவே நம் இசைத் துறைகள் இதை முதன்மைப் பாடமாக வைக்க வேண்டும்.

1. இளங்கோவடிகள் வகுத்த தகுதி

இது வெளியிலிருந்து கொண்டுவர வேண்டிய எண்ணமன்று. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைப் பாருங்கள். மாதவி அரங்கேறும் முன், அவளோடு மேடையில் இருக்க வேண்டியவர்களின் தகுதிகளை இளங்கோவடிகள் ஒவ்வொன்றாகச் சொல்கிறார். ஆடல் ஆசிரியன், இசை ஆசிரியன், பாடல் இயற்றும் புலவன், தண்ணுமை ஆசிரியன், குழலோன், யாழாசிரியன் என்று அந்த வரிசை போகிறது.

அதில் தண்ணுமைக்காரனின் தகுதியை மாணவர்கள் மனத்தில் இருத்த வேண்டும். அவன் யாழையும் குழலையும் பாடுபவரின் குரலையும் கேட்க வேண்டும். அவற்றோடு இசையும்படி விரல்களைச் செலுத்த வேண்டும். மற்றவர் இசையில் குறை விழும் இடத்தை நிரப்ப வேண்டும், மிகும் இடத்தை அடக்க வேண்டும், தன் ஓசை மேலோங்கிவிடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். கைவேகமும் கணக்கும் அவனுக்கு உண்டு. ஆனால் காவியம் அவனை அளக்கும்போது, பிறரைக் கேட்டு என்ன செய்கிறான் என்பதையும் சேர்த்தே அளக்கிறது. இசை ஆசிரியனிடமும் இதையே எதிர்பார்க்கிறது: யாழ், குழல், தாளம், குரல், தண்ணுமை, ஆடல் எல்லாம் பாட்டோடு பொருந்தும்படி செய்யத் தெரிந்திருக்க வேண்டும்.

அரங்கேற்றம் தொடங்கியபின் கருவிகள் நின்ற முறையையும் அதே காதை சொல்கிறது. குழலின் வழியே யாழ், யாழின் வழியே தண்ணுமை, அதன் பின் முழவு, முழவோடு கூடி ஆமந்திரிகை. யார் யாரைக் கேட்டு வாசிக்க வேண்டும் என்ற ஒழுங்கு இது. குழு இசைக்கு நம்மிடம் இவ்வளவு பழைய பாடத்திட்டம் இருக்கிறது.

2. கச்சேரிக்குள் நடப்பது என்ன?

இன்றைய மேடைக்கு வருவோம். முத்துசுவாமி தீட்சிதரின் ‘அக்ஷயலிங்க விபோ’ சங்கராபரணத்தில், மிஸ்ர சாபு தாளத்தில் அமைந்த கிருதி. நின்று நிதானமாகப் பாட வேண்டியது. இத்தகைய விளம்ப கால உருப்படியில் ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் இடையே நீண்ட வெளி இருக்கும். அந்த வெளியை மிருதங்கம் என்ன செய்வது? எல்லாவற்றையும் சொற்கட்டால் அடைத்தால் சாகித்யம் மூச்சு முட்டும். ஒன்றுமே வாசிக்காமல் விட்டால் காலப்பிரமாணம் தளரும். பாடகர் கார்வையில் நிற்கும்போது தொப்பியில் ஒரே ஒரு குமுக்கி போதும் என்று அந்த நொடியில் முடிவு செய்யத் தெரிய வேண்டும். அந்த முடிவைப் பாடாந்தரமாக எழுதிக் கொடுத்துவிட முடியாது.

வயலினின் நிலை இன்னும் நுட்பமானது. ஆலாபனையில் பாடகரின் சங்கதி முடிவதற்குள்ளேயே வயலின் அதன் நிழலாகத் தொடர்கிறது. சங்கதியின் கடைசிப் பிடியை மட்டும் எடுத்து, மெல்ல நீட்டி, பாடகர் அடுத்த மூச்சை எடுக்க இடம் தருகிறது. அடுத்து எங்கே போகப் போகிறார் என்று ஊகிக்க வேண்டும். ஆனால் அங்கே முந்திப் போய் நின்றுவிடக் கூடாது. நிரவலில் தன் முறை வரும்போது சொந்தக் கற்பனையைக் காட்டலாம், காட்டவும் வேண்டும். அது பாடகர் வைத்துப்போன இடத்திலிருந்து கிளம்ப வேண்டும்.

பாடகருக்கும் இதில் படிப்பு உண்டு. கல்பனா ஸ்வரத்தில் எடுப்புக்கு வரும் கோர்வையைப் பக்கவாத்தியக்காரர் பிடித்துக்கொள்ளும்படி தெளிவாக வைப்பது, வயலினுக்கு விடும்போது தாளத்தைக் கையில் தெரியும்படி போடுவது, தனி ஆவர்த்தனத்துக்கு உரிய நேரம் வைத்துப் பாட்டை முடிப்பது எல்லாம் பாடகரின் பொறுப்பு. தனியாக எவ்வளவு சாதகம் செய்தாலும் இவை வரமாட்டா. எதிரில் ஆள் வேண்டும்.

3. பழைய வழி

குருகுலத்தில் இது தனிப் பாடமாக இருந்ததில்லை. அன்றாட வாழ்க்கையிலேயே கலந்திருந்தது. சிஷ்யன் குருவுக்குப் பின்னால் தம்பூரா போட்டான், பின்பாட்டுப் பாடினான். நாகஸ்வரக் குழுவில் சிறுவன் ஒத்தும் தாளமும் பிடித்துக்கொண்டு, ராத்திரி முழுக்கப் பெரியவர்கள் வாசிப்பதைக் கேட்டான். நாயனக்காரர் எப்போது தவிலுக்கு விடுகிறார் என்பது அவன் காதில் தானாகப் படிந்தது.

வீணை தனம்மாளின் குடும்பத்தை இங்கே நினைக்க வேண்டும். 1867 முதல் 1938 வரை வாழ்ந்த அந்த மேதையின் ஜார்ஜ் டவுன் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வித்வான்களும் ரசிகர்களும் கூடுவார்கள். மிருதங்கம் கிடையாது, மீட்டு அணியாத வெறும் விரல்களால் மென்மையாக வாசிப்பார். அறையில் இருப்பவர்கள் காதைக் கூர்மையாக்கிக்கொண்டால்தான் கேட்கும். அவருடைய பேத்தி டி. பிருந்தா அந்த வீட்டிலும் கற்றார், காஞ்சிபுரம் நாயினாப் பிள்ளையிடமும் கற்றார். நாயினாப் பிள்ளையின் மேடை வயலின், மிருதங்கம், கஞ்சிரா, கடம், மோர்சிங், கொன்னக்கோல் என்று பக்கவாத்தியங்கள் நிரம்பிய ‘ஃபுல் பெஞ்ச்’ மேடை. ஒரு பக்கம் விரல் உராயும் ஒலிகூடக் கேட்கும் அறை, மறுபக்கம் லயம் கொந்தளிக்கும் மேடை. இரண்டுக்கும் பழகிய காது பிருந்தாவுடையது. தங்கை முக்தாவோடு அவர் சேர்ந்து பாடியபோது இரண்டு குரல்களும் ஒரே சிந்தனையாக ஒலித்ததற்கு இந்தப் பழக்கமும் ஒரு காரணம் என்றே நான் கருதுகிறேன்.

அந்த வழிக்குக் குறைகளும் இருந்தன. பிறப்பும் ஊரும் வாய்த்தவருக்கே அது கிடைத்தது. அந்தக் கதவைப் பலருக்கும் திறந்துவிட்டது கல்லூரி.

4. பல்கலைக்கழகம் தந்ததும் விட்டதும்

நம் பக்கத்துச் சிதம்பரத்தில் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1929இல் இசைக் கல்லூரி தொடங்கினார். பின்னர் அது அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் அங்கமாயிற்று. சபேசய்யர், தஞ்சை பொன்னையா பிள்ளை, டைகர் வரதாச்சாரியார், தண்டபாணி தேசிகர் போன்ற பெரியவர்கள் அதற்குத் தலைமை தாங்கினார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பி. சாம்பமூர்த்தி இசையியலைப் பாடமாக வளர்த்தார். 1949இல் சென்னையில் மத்திய கர்நாடக இசைக் கல்லூரி வந்தது. முசிறி சுப்பிரமணிய ஐயர் அதன் முதல் முதல்வர். யாழ்ப்பாணத்தில் இராமநாதன் நுண்கலைக் கழகம் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. தமிழ்நாட்டில் 2013இல் இசைக்கும் கவின்கலைகளுக்கும் தனிப் பல்கலைக்கழகமே அமைந்தது. இங்கே அரியாங்குப்பத்தில் பாரதியார் பல்கலைக்கூடம் இருக்கிறது. இவற்றால் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் இசை படித்தார்கள். அந்த நன்றியோடுதான் அடுத்ததைச் சொல்கிறேன்.

கல்லூரி என்றால் துறை, வகுப்பறை, கால அட்டவணை. பாட்டு ஓர் அறையில், வீணை ஓர் அறையில், வயலின் ஓர் அறையில், மிருதங்கம் மாடியில் என்று இசை பிரிந்தது. பிரித்துக் கற்பிப்பதில் தவறில்லை. அடிப்படை அப்படித்தான் உறுதிப்படும். பிரித்ததை மறுபடி சேர்ப்பதற்குத்தான் அட்டவணையில் இடம் வைக்க மறந்தோம்.

செய்முறைத் தேர்வில் இது பளிச்சென்று தெரியும். தேர்வாளராக நான் பலமுறை கண்ட காட்சி இது. ஒரு மாணவி கல்யாணியில் ஸ்வரம் பாடுகிறாள். பதற்றத்தில் எடுப்பு அரை அட்சரம் தள்ளிப்போகிறது. பக்கத்தில் மிருதங்கம் வாசிக்கும் அனுபவசாலியான ஆசிரியர் அடுத்த ஆவர்த்தனத்திலேயே எடுப்பை அழுத்திக் காட்டி அவளைத் தாளத்துக்குள் கொண்டுவந்துவிடுகிறார். அவள் சமாளித்துப் பாடி நல்ல மதிப்பெண் பெறுகிறாள். அதே நேரத்தில் அடுத்த அறையில் ஒரு மிருதங்க மாணவன் தனியாக உட்கார்ந்து திஸ்ர நடையும் மோராவும் கோர்வையும் வாசித்துக் காட்டுகிறான். அவனுக்கும் நல்ல மதிப்பெண். அந்த ஆசிரியர் செய்த காரியத்தை, அதாவது வழி தவறிய பாடகரைக் கைகொடுத்துக் கரை சேர்ப்பதை, அந்த மாணவன் எப்போது கற்பான்? மூன்றாண்டுப் படிப்பில் அதற்கான சந்தர்ப்பமே அவனுக்கு வருவது அரிது. பட்டம் வாங்கிய பிறகு மேடையில்தான் முதன்முதலாகச் சந்திக்கிறான். அங்கே பிழைக்கு மன்னிப்பு குறைவு.

5. மேற்கின் அனுபவம்

ஐரோப்பிய இசையில் இந்தக் கலையின் உரைகல் நால்வர் தந்திக் குழு. இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ. ஹைடன் 1772இல் எழுதிய இருபதாம் தொகுதியின் இரண்டாவது குவார்டெட்டைக் கேளுங்கள். தொடக்கத்தில் முதல் வயலின் வாய் திறப்பதில்லை. அடியில் இருந்து தாங்கும் என்று நாம் நினைக்கிற செல்லோ மெட்டை ஏந்திக்கொண்டு வருகிறது. வழக்கமாகத் தலைமை வகிப்பவர் காத்திருந்து கேட்டுவிட்டுப் பிறகே நுழைகிறார். யார் எப்போது முன்னால் வரலாம், எப்போது ஒதுங்க வேண்டும் என்பதே அந்த இசையின் பேச்சு.

இந்த வித்தை பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்த கதை ஒன்று உண்டு. பெல்ஜியத்தைச் சேர்ந்த புரோ ஆர்ட்டே நால்வர் குழு 1940 மே மாதம் அமெரிக்காவின் மேடிசன் நகரில் பீத்தோவனின் குவார்டெட்டுகளை வாசித்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் ஜெர்மானியப் படை பெல்ஜியத்துக்குள் புகுந்தது. ஊர் திரும்ப வழியில்லாமல் நின்ற குழுவை விஸ்கான்சின் பல்கலைக்கழகம் தன் வளாகத்திலேயே தங்கவைத்துக்கொண்டது. ஆட்கள் மாறி மாறி, அக்குழு அங்கேயே தொடர்ந்து வந்திருக்கிறது. 1946இல் நியூயார்க்கின் ஜூலியார்ட் பள்ளி தனக்கென ஒரு நால்வர் குழுவை அமைத்தது. இதனால் மாணவர்களுக்கு என்ன கிடைத்தது? நன்றாக வாசிக்கும் நால்வரின் கச்சேரி மட்டும் கிடைக்கவில்லை. அவர்கள் ஒத்திகையில் வாதிடுவதையும், ஒரு வில்லடிக்காக அரைமணி நேரம் செலவழிப்பதையும், விட்டுக்கொடுப்பதையும் அருகில் இருந்து பார்க்கக் கிடைத்தது.

அங்கே இது கட்டாயப் பாடம். மாணவர்களைக் குழுவாகப் பிரிப்பார்கள். வாரந்தோறும் குழுவுக்கு ஓர் ஆசிரியர். வயலின் குழுவுக்குப் பியானோ ஆசிரியர்கூட வருவார். விரல் எங்கே வைப்பது என்று அவர் சொல்வதில்லை, அடுத்தவரைக் கேட்டாயா என்று மட்டும் பார்ப்பார். பருவ முடிவில் குழுவாகவே மேடையேற வேண்டும்.

நம் இசைக்கு இது பொருந்துமா என்றால், தனம்மாள் குடும்பமே அதற்கு விடை. அவருடைய பேரன் டி. ரங்கநாதன் 1963 முதல் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் மிருதங்கம் கற்பித்தார். தம்பி டி. விஸ்வநாதன் புல்லாங்குழல் வித்வான். அவரும் அங்கே ஆசிரியரானார். பாட்டும் குழலும் கற்பிக்கும் தம்பியும் லயம் கற்பிக்கும் அண்ணனும் ஒரே வளாகத்தில் இருந்து, ஒரே மேடையில் சேர்ந்தும் வாசித்தார்கள். ஜார்ஜ் டவுன் வீட்டில் பெற்றதை ஓர் அயல்நாட்டுப் பல்கலைக்கழகத்தில் தர முடிந்தது. சென்னையில் வி.எஸ். நரசிம்மன் தொடங்கிய மெட்ராஸ் ஸ்டிரிங் குவார்டெட், தியாகராஜர் முதலியோரின் கிருதிகளை இரண்டு வயலின், வியோலா, செல்லோவுக்கு அமைத்து வாசித்துக் காட்டியது. இரண்டு மரபுகளும் கைகோர்க்க முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

6. யாரோடு யார் உட்காருவது?

மேடையில் கூட்டாளியைத் தேர்ந்தெடுப்பதில் இசைக்குப் புறம்பான கணக்குகள் நெடுங்காலம் இருந்திருக்கின்றன. புதுக்கோட்டை தட்சிணாமூர்த்தி பிள்ளையிடம் கற்ற திருக்கோகர்ணம் ரங்கநாயகி அம்மாள் மிருதங்கத்தில் தேர்ந்தவர். ஆயினும் பெண்கள் லய வாத்தியம் வாசிப்பது நெடுநாள் விதிவிலக்காகவே இருந்தது. கடம் வாசிக்கும் சுகன்யா ராம்கோபால், பெண் என்பதற்காகவே சிலர் தம்மோடு வாசிக்கத் தயங்கியதை வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். பாடுபவர் பெண்ணானால் வாசிக்கமாட்டேன் என்ற மிருதங்க வித்வான்களும் இருந்தார்கள்.

இந்தக் கட்டை அவிழ்க்கப் பல்கலைக்கழகத்துக்கு எளிய வழி ஒன்று இருக்கிறது. வருகைப் பதிவேட்டைப் பார்த்துக் குழு அமைப்பது. பாடுபவர் மீனவர் குப்பத்துப் பையனாக இருக்கலாம், மிருதங்கம் வாசிப்பவர் பெண்ணாக இருக்கலாம், வயலின் வாசிப்பவர் நாயனக்காரர் வீட்டுப் பிள்ளையாக இருக்கலாம். ஓராண்டு ஒன்றாக உட்கார்ந்து, ஒருவர் பிழையை ஒருவர் மூடி, ஒரே மதிப்பெண்ணைப் பகிர்ந்துகொண்டவர்கள் நாளை மேடையில் இந்தப் பழைய கணக்குகளைப் பார்க்கமாட்டார்கள். சமத்துவத்தை இசைக்குள்ளேயே பழகும் இடமாக வகுப்பறை அமையும்.

7. செய்ய வேண்டியவை

என் யோசனைகளைச் சுருக்கமாக வைக்கிறேன்.

முதலாவது, இரண்டாம் ஆண்டிலிருந்து பாட்டு, வயலின், மிருதங்கம் மாணவர்களை மூவர் குழுக்களாக அமைக்க வேண்டும். ஓராண்டு முழுவதும் குழு மாறக் கூடாது. வீணை, புல்லாங்குழல், நாகஸ்வரம், தவில் மாணவர்களுக்கும் அவரவர் மரபுக்கேற்ற குழு வேண்டும்.

இரண்டாவது, வாரத்தில் இரண்டு வகுப்பாவது இதற்கு. ஆசிரியர் அந்தக் குழுவின் கருவிக்காரராக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. அவர் வேலை கேட்பது.

மூன்றாவது, இடம் மாற்றிப் பழக வேண்டும். பாடுபவர் தாளம் போட்டுக்கொண்டு மற்றவரைப் பாடவைக்கட்டும். வயலின் மாணவர் கொன்னக்கோல் சொல்லட்டும். மிருதங்க மாணவர் கிருதியின் சாகித்யம் முழுவதையும் பாடிக் காட்டட்டும். பாட்டு தெரியாமல் பாட்டுக்கு வாசிக்க முடியாது.

நான்காவது, மைக் இல்லாமல் பழக வேண்டும். பாலக்காடு மணி ஐயர் தம் பிற்காலத்தில் மைக் வைத்த மேடையில் வாசிப்பதையே தவிர்த்தார். தன் ஒலி அடுத்தவரை மூழ்கடிக்கிறதா என்பதை ஒலிபெருக்கிக்காரரிடம் விட்டுவிட்டால் காது சோம்பிவிடும்.

ஐந்தாவது, தேர்வில் குழுவுக்கு ஒரு மதிப்பெண். பாடகர் பிறழ்ந்தபோது காப்பாற்றியவருக்கு அந்த மதிப்பெண்ணில் பங்கு.

ஒரு மறுப்பு எழும். நம் இசை மனோதர்மம் சார்ந்தது. முன்பின் அறியாதவர்கள் மேடையில் சந்தித்து அப்போதைக்கப்போது உருவாக்குவதில்தான் அதன் உயிர் இருக்கிறது. ஒத்திகை பார்த்தால் அது செத்துப்போகும் என்பார்கள். இது மதிக்க வேண்டிய கவலை. ஆனால் நான் கேட்பது ஒத்திகையில் முடிவு செய்துவைத்த கச்சேரியை அல்ல. எதிர்பாராததை ஏற்கும் பழக்கத்தைக் கேட்கிறேன். அரியக்குடி ராமானுஜ ஐயங்காருக்கு வாசித்த மேதைகள் ஒத்திகை இல்லாமல் இணைந்தார்கள் என்றால், அதற்கு முன் ஆண்டுக்கணக்கில் மேடை மேடையாக ஒன்றாக வாசித்திருந்தார்கள். அந்தப் பழக்கமே அவர்களுக்கு ஒத்திகை. இன்றைய இருபது வயது மாணவருக்கு அத்தனை மேடைகள் கிடைப்பதில்லை. அவருக்கு அந்தப் பழக்கத்தை வகுப்பறைதான் தர வேண்டும்.

8. புதுச்சேரிக்கு உள்ள தகுதி

இதைப் புதுச்சேரியில் வந்து சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 1908 முதல் 1918 வரை இந்த ஊரில் வாழ்ந்த பாரதியார், சங்கீதத்தைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதியவர். வித்வான்கள் ஒரே உருப்படிகளைத் திரும்பத் திரும்பப் பாடுவதைக் கண்டித்தார், ஆர்மோனியத்தின் ஆதிக்கத்தைக் கண்டித்தார். பழக்கத்தைக் கேள்வி கேட்காத இசை தேங்கும் என்பது அவர் கவலை. அவர் பெயர் தாங்கிய பல்கலைக்கூடத்தில் பாட்டும் வாத்தியமும் நடனமும் ஓவியமும் சிற்பமும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன.

1922இல் இந்த மண்ணிலேயே மறைந்த சங்கரதாஸ் சுவாமிகளின் பெயரில் புதுவைப் பல்கலைக்கழகத்தில் நிகழ்கலைப் பள்ளி அமைந்தது. நாடக மாணவர்களிடம் கேட்டுப் பாருங்கள். ஒருவர் தனியாக நின்று நாடகம் நடத்திவிட முடியாது. குழுவாக மேடையேறுவதே அவர்கள் படிப்பு. இசைத் துறை அந்தப் பக்கத்து வீட்டிலிருந்து இதைக் கற்றுக்கொள்ளலாம். அரவிந்தர் ஆசிரமத்தின் கல்வி மையத்தில் இந்திய இசை, மேற்கத்திய இசை இரண்டும் கற்பிக்கப்படுகின்றன. பட்டம் வழங்காத கல்வி அது. 1889 முதல் இயங்கும் அலியான்ஸ் பிரான்சேஸ் பிரெஞ்சுக் கலைஞர்களை இங்கே அழைத்துவருகிறது. ஒரு நகரத்தின் சில கிலோமீட்டருக்குள் இத்தனையும் அமைந்த ஊர்கள் அதிகம் இல்லை.

இடமும் இருக்கிறது. வைசியாள் வீதி போன்ற தமிழ்ப் பகுதித் தெருக்களில் முற்றமும் தாழ்வாரமும் உள்ள வீடுகள் இன்னும் நிற்கின்றன. ஐம்பது பேர் சுற்றி உட்கார்ந்தால் மைக் இல்லாமலே வீணையின் கடைசி அனுஸ்வரம் வரை கேட்கும். குழுக்கள் மாதம் ஒருமுறை அத்தகைய வீட்டில் வாசிக்க வேண்டும் என்று வைத்தால் மாணவர்களுக்கு மேடையும் ஊருக்கு நல்ல இசையும் கிடைக்கும்.

இதற்குப் புதுக் கட்டடம் வேண்டாம், புதுக் கருவி வேண்டாம். பாடத்திட்டக் குழுவின் ஒரு தீர்மானமும், அட்டவணையில் இரண்டு வகுப்பும், பொறுமையாகக் கேட்கும் சில ஆசிரியர்களும் போதும். இந்த அறக்கட்டளையின் பொறுப்பாளர்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். ஆண்டுதோறும் ஒரு சொற்பொழிவுக்கு ஆதரவு தரும் நீங்கள், ஆண்டுதோறும் ஒரு மாணவர் குழுவுக்கும் ஆதரவு தாருங்கள். பரிசு தனி ஒருவருக்கு வேண்டாம், மூவருக்கும் சேர்த்துக் கொடுங்கள். அடுத்த ஆண்டு இந்த மேடையில் பேச்சுக்கு முன்னால் அவர்கள் ஒரு மணி நேரம் வாசிக்கட்டும். என் வாதம் சரியா என்பதை அந்தக் கச்சேரியைக் கேட்டு நீங்களே சொல்லுங்கள்.